மூளையின் இரசாயனச் செய்திகளை அளக்கும் கார்பன் இழை

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளைகளை 1960ஆம் ஆண்டில் வியன்னா நகரில் எரிங்கர், ஹார்னிகீவிச் என்னும் இரு விஞ்ஞானிகள் இரசாயன முறையில் பகுத்தாய்ந்தனர். மூளையின் உட்பகுதியில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் திசுவில், இயல்பாக இருக்கவேண்டிய டோபமைன் என்ற பொருள் மிகவும் குறைந்து போயிருந்ததை அவர்கள் கண்டனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், டோபமைன் மூளையில் தனித்த பணியுடைய ஒரு பொருள் என்று காட்டியிருந்தார். அப்பணிக்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். குறைந்ததை ஈடுசெய்ய லெவோடோபா என்ற மருந்து தரப்பட்டது. அசையாமல் கிடந்த நோயாளிகள் எழுந்து நடந்தனர். இந்த லெவோடோபா நம் நாட்டுக்குப் புதிய பொருள் அன்று. பூனைக்காலி விதையிலிருந்து அதனை 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், ராமசுவாமி ஆகிய இருவர் பிரித்தெடுத்து வெளியிட்டனர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. ஆனால் அதன் மருத்துவப் பயன் அன்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வியன்னாவில் கண்டது ஒரு பெரிய உண்மை. எனினும் அது இறந்த மூளையில் கண்ட உண்மை. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இருப்பு என்றும் பாய்வு என்றும் இரண்டைப் பிரித்துப் பேசுவர். கிடங்கில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்பது இருப்பு. நாள்தோறும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பது பாய்வு. கிடங்கைத் திறந்து மூட்டைகளை எண்ணியவருக்கு, முந்தைய நாள் சந்தையில் என்ன நடந்தது என்பது தெரியாது. மூளைத் திசுவை அரைத்துப் பகுத்தாய்வோரின் நிலையும் இதுவே. உயிருள்ள மூளையில் டோபமைன் எந்தக் கணத்தில் வெளிப்படுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது மறைகிறது என்ற வினாக்களுக்கு விடைகாண வேறொரு கருவி தேவைப்பட்டது. தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய ஒரு கார்பன் இழையே அந்தக் கருவியாக அமைந்தது.

கடத்திகளும் காலமும்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணுவுக்குள் செய்தி மின் துடிப்பாக ஓடுகிறது. ஆனால் ஓர் அணுவின் நுனிக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி இருக்கிறது. அந்தச் சந்தியில் பெரும்பாலும் இரசாயனப் பொருளே செய்தியை ஏந்திச் செல்கிறது. இத்தகைய பொருள்களுக்கு நரம்புணர்வு கடத்திகள் என்று பெயர். அணுவின் நுனியில் உள்ள நுண்பைகளில் இவை அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. மின் துடிப்பு வந்து சேர்ந்தவுடன் பை திறந்து கடத்தி வெளியே கொட்டப்படுகிறது. அடுத்த அணுவைத் தொட்டபின், வெளியிட்ட அணுவே அதனைத் திரும்ப உறிஞ்சிக் கொள்கிறது, அல்லது ஒரு நொதி அதனைச் சிதைத்து விடுகிறது. டோபமைனைப் பொறுத்தவரை இவை யாவும் ஒரு விநாடிக்குள்ளோ ஒருசில விநாடிகளுக்குள்ளோ முடிந்து விடுகின்றன.

இவ்வளவு விரைவான நிகழ்ச்சியை அளக்க முன்பிருந்த முறைகள் போதவில்லை. 1970களில் ஸ்வீடன் நாட்டின் உங்கர்ஸ்டெட் முதலியோர் வளர்த்த நுண் ஊடுபிரிப்பு முறையில், மெல்லிய குழாய் ஒன்று மூளைக்குள் செலுத்தப்படுகிறது. சல்லடை போன்ற அதன் சுவர் வழியே கசிந்துவரும் நீர்மத்தைச் சேகரித்துப் பகுத்தாய்கின்றனர். எல்லா வகைக் கடத்திகளையும் ஐயமின்றி இனங்காண உதவும் நல்ல முறை இது. இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் பகுத்தாய்வுக்குப் போதுமான நீர்மம் சேர, வழக்கமாகப் பத்து நிமிடம் பிடிக்கும். அண்மைக் காலத்தில் அது ஒரு நிமிட அளவுக்குக் குறைந்துள்ளது. நாள்தோறும் ஏறி இறங்கும் காய்கறி விலையை ஆண்டுச் சராசரியில் தேடுவது போன்றதே இது. மேலும், குழாயின் குறுக்களவு 200 முதல் 300 மைக்ரான் வரை இருக்கும். அது செல்லும் வழியில் உள்ள நரம்பணுக்கள் நசுங்கிப் போகின்றன.

மின்சாரத்தால் மூலக்கூற்றை எண்ணுதல்

டோபமைன், நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய கடத்திகளுக்கு ஒரு வசதியான பண்பு உண்டு. இவை எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையக் கூடியவை. நீர்மத்தில் வைத்த ஒரு மின்வாய்க்குப் போதுமான நேர்மின்னழுத்தம் கொடுத்தால், அதன் பரப்பைத் தொடும் ஒவ்வொரு டோபமைன் மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து குயினோன் என்ற பொருளாக மாறுகிறது. அந்த எலெக்ட்ரான்கள் கம்பி வழியே மின்னோட்டமாகப் பாய்கின்றன. எத்தனை மூலக்கூறுகள் தொட்டனவோ அதற்கேற்ற அளவில் மின்னோட்டம் இருக்கும். ஃபாரடே வகுத்த பழைய விதிதான் இது.

மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி மின்னோட்டத்தைப் பதிவு செய்து, அதிலிருந்து கரைசலில் இருக்கும் பொருள் இன்னது, இவ்வளவு என்று சொல்லும் கலையை 1922ஆம் ஆண்டில் பிராக் நகரில் ஹெய்ரோவ்ஸ்கி தொடங்கி வைத்தார். அவருக்கு 1959ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்தியது சொட்டும் பாதரச மின்வாய். அதனை உயிருள்ள மூளைக்குள் கொண்டு செல்ல இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூளைக்குள் மின்வாயை வைக்கும் துணிவு அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரால்ஃப் ஆடம்சுக்கு வந்தது. அவர் திண்ம மின்வாய்களில் கைதேர்ந்தவர். கிராஃபைட்டுப் பொடியை எண்ணெயுடன் குழைத்துச் செய்யும் கார்பன் பசை மின்வாயை 1958ஆம் ஆண்டில் உருவாக்கியவர். 1973ஆம் ஆண்டில் அவரும் கிஸ்ஸிஞ்சர் முதலிய அவருடைய மாணாக்கரும் எலியின் மூளையில் அத்தகைய மின்வாயைப் பதித்து, முதன்முதலாக மின்னோட்டப் பதிவுகளை எடுத்தனர். மின்னோட்டம் வந்தது, ஆனால் அதில் பெரும்பகுதி டோபமைனால் வந்ததன்று என்பது விரைவில் தெளிவாயிற்று. மூளைத் திசுவில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, டோபமைனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான செறிவில் இருக்கிறது. அதுவும் ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. டோபமைன் சிதைந்து உண்டாகும் பொருள்களும் அவ்வாறே. கடைத்தெருக் கூச்சலில் ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்க முயன்றது போல் ஆயிற்று.

இந்தத் தோல்வியிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. மூளையிலிருந்து எடுத்த மாதிரியை முதலில் நிறப்பிரிகைத் தூண் வழியே செலுத்தி, பொருள்களைத் தனித்தனியே பிரித்தபின் மின்வாயால் அளப்பது ஒரு கிளை. கிஸ்ஸிஞ்சர் அதனை ஒரு கருவித் தொழிலாகவே வளர்த்தார். மருத்துவ ஆய்வுக்கூடங்களில் அக்கருவி பரவியது. அடிப்படை ஆராய்ச்சி என்று ஒதுக்கப்பட்ட பணத்திலிருந்து தொழிற்சாலை ஒன்று முளைக்கக் கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மூளைக்குள்ளேயே நின்று, மின்வாயைச் சிறிதாக்கிக் கூர்மைப்படுத்துவது மற்றொரு கிளை. இக்கட்டுரைக்கு உரியது அதுவே.

விமானத்துக்கு வந்த இழை

கார்பன் இழை மூளை ஆராய்ச்சிக்காகப் பிறந்ததன்று. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோஜர் பேக்கனும், 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஷிண்டோவும், அதனைத் தொடர்ந்து இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தினரும், இலேசானதும் எஃகினும் உறுதியானதுமான ஒரு பொருளாக அதனை உருவாக்கி வளர்த்தனர். ஓர் இழையின் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்ரான். மனிதத் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஊடுபிரிப்புக் குழாயுடன் ஒப்பிட்டால் குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அது மின்சாரத்தைக் கடத்துகிறது. உடலின் உப்புநீரில் கரைவதில்லை. திசுவைப் பெரிதாகப் புண்படுத்துவதுமில்லை.

1979ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் போன்ஷோன், கோனோன் முதலியோர் இந்த இழையைக் கொண்டு மூளைக்கான மின்வாயைச் செய்தனர். இழைக்கு முன்கூட்டியே மின்சாரச் சிகிச்சை அளித்தால், அஸ்கார்பிக் அமிலத்தின் குறியும் டோபமைன் வகைப் பொருள்களின் குறியும் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன என்பதை அக்குழுவினர் கண்டனர். இலண்டனில் மில்லர், க்ரூக், ஸ்டாம்ஃபோர்டு ஆகியோரும், ஆடம்சிடம் பயின்று பின்னர் இண்டியானாவிலும் 1989 முதல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லிலும் பணிபுரிந்த மார்க் வைட்மன் குழுவினரும் இதனை மேலும் வளர்த்தனர்.

செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. இழைக் கற்றையிலிருந்து ஒரே ஓர் இழையைப் பிரித்து, உறிஞ்சு குழாயின் உதவியால் மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் இழுத்துக் கொள்கின்றனர். குழலின் நடுப்பகுதியைச் சூடான கம்பிச்சுருளில் இளக்கி இருபுறமும் இழுத்தால், கண்ணாடி மெலிந்து இழையின்மேல் இறுகப் பற்றிக் கொள்கிறது. நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கண்ணாடிக்கு வெளியே நீண்டிருக்கும் இழையை 50 முதல் 150 மைக்ரான் வரை விட்டு மீதியை வெட்டி விடுகின்றனர். குழலின் மறுமுனையில் மின் தொடர்புக்கு ஒரு கம்பி. இவ்வளவுதான். கண்ணாடிக்கும் இழைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தாலும் மின்வாய் வீண். ஆதலால் கைப்பழக்கம் இல்லாதவர் செய்யும் பத்தில் பல குப்பைக்குப் போகும். இழையின் விலை ஒரு பொருட்டன்று. அதனை ஒழுங்காகப் பதிக்கத் தெரிந்த கைதான் அருமை.

விநாடிக்குப் பத்து முறை

மின்வாய் சிறிதாக இருப்பதன் பயன் திசுவைக் காப்பதோடு நின்று விடவில்லை. நீர்மத்தில் வைத்த ஒவ்வொரு மின்வாயும் ஒரு மின்தேக்கியைப் போலவும் நடந்து கொள்கிறது. அழுத்தத்தை மாற்றும்போதெல்லாம் அது மின்னேற்றம் பெறவேண்டும். பெரிய மின்வாய்க்கு அது நேரம் பிடிக்கும் வேலை; 7 மைக்ரான் இழைக்கோ மிகக் குறைவான மின்னேற்றமே போதும். ஆகவே மின்னழுத்தத்தை மிக விரைவாக ஏற்றி இறக்க முடிகிறது. விரைவு வருடல் வோல்டாமெட்ரி என்று இதற்குப் பெயர்.

டோபமைனுக்கு வழக்கமாகக் கையாளப்படும் முறையில், வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்வாயை அடிப்படையாகக் கொண்டு, அழுத்தம் -0.4 வோல்ட்டிலிருந்து +1.3 வோல்ட் வரை ஏற்றப்பட்டு மீண்டும் இறக்கப்படுகிறது. வேகம் விநாடிக்கு 400 வோல்ட். போக வர 3.4 வோல்ட் ஆதலால் ஒரு வருடலுக்கு 8.5 மில்லி விநாடியே ஆகிறது. விநாடிக்குப் பத்து வருடல்கள். எஞ்சிய 91.5 மில்லி விநாடியில் இழை எதிர்மின் நிலையில் காத்திருக்கிறது. அந்த இடைவேளையும் வீணாவதில்லை. டோபமைன் நேர்மின்சுமை உடையதாதலால் அப்போது இழையின்மேல் வந்து ஒட்டுகிறது. எதிர்மின்சுமை உடைய அஸ்கார்பிக் அமிலம் விலக்கப்படுகிறது. ஆடம்சை வருத்திய கூச்சல் இவ்வாறு பெரிதும் அடங்குகிறது.

அழுத்தம் ஏறும்போது ஏறத்தாழ +0.6 வோல்ட்டில் டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைவதால் ஒரு முகடு தோன்றும். இறங்கும்போது -0.2 வோல்ட் அருகில், உண்டான குயினோன் மீண்டும் டோபமைனாக ஒடுக்கமடைவதால் எதிர்த்திசையில் ஒரு முகடு தோன்றும். இவ்விரண்டு முகடுகளும் சேர்ந்து டோபமைனின் கைரேகை போல் அமைகின்றன. அஸ்கார்பிக் அமிலத்துக்கு இரண்டாவது முகடு இல்லை. செரட்டோனினுக்கு அது வேறிடத்தில் வருகிறது.

ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. இவ்வளவு வேகமாக வருடும்போது மின்னேற்றத்தால் மட்டுமே பல நூறு நானோ ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. டோபமைன் தருவது அதில் சில நானோ ஆம்பியரே. இரும்பு வண்டியோடு சேர்த்து எடை போட்டு வண்டியின் எடையைக் கழித்துச் சரக்கின் எடையை அறியும் எடைமேடை முறையே இதற்கும் கையாளப்படுகிறது. நிகழ்ச்சிக்கு முன் எடுத்த வருடலை, நிகழ்ச்சியின்போது எடுத்த வருடலிலிருந்து கழித்து விடுகின்றனர். மின்னேற்ற மின்னோட்டம் மாறாதிருக்கும்வரை மீதி டோபமைனுக்கு உரியது. ஆனால் வண்டியின் எடையே மெல்ல மாறுகிறது. ஒன்றரை நிமிடம் கடந்தால் கழித்தல் நம்பத்தக்கதன்று. ஆகவே இம்முறை சொல்வது டோபமைனின் ஏற்றத்தையும் இறக்கத்தையுமே. அடிமட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. இருப்பை ஊடுபிரிப்பு முறையிடம்தான் கேட்க வேண்டும்.

வருடாமல், அழுத்தத்தை ஒரே நிலையில் நிறுத்தி மின்னோட்டத்தை மட்டும் கவனிக்கும் முறையும் உண்டு. 1990ஆம் ஆண்டளவில் வைட்மன் குழுவினர் மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு தனி உயிரணுவின் அருகே கார்பன் இழையை வைத்து, அணுவைத் தூண்டினர். ஒவ்வொரு நுண்பை திறக்கும்போதும் ஒரு கூரிய மின்னோட்டத் துடிப்பு பதிவாயிற்று. அத்தகைய ஒரு துடிப்பில் பாயும் மின்சாரத்தின் மொத்தம் ஒரு பிக்கோ கூலும் அளவில் இருக்கும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஓர் எலெக்ட்ரானின் மின்சுமை 1.6 × 10⁻¹⁹ கூலும். மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு எலெக்ட்ரான்கள். ஆகவே ஒரு பிக்கோ கூலும் என்பது ஏறத்தாழ 31 இலட்சம் மூலக்கூறுகள். உயிருள்ள அணுவின் ஒரே ஒரு பை திறந்து மூடும் நிகழ்ச்சியில் வெளிப்பட்ட மூலக்கூறுகளை எண்ணிச் சொல்லும் ஆற்றல் இரசாயனத்துக்கு இவ்வாறு வாய்த்தது.

இழை கண்டறிந்தவை

1996ஆம் ஆண்டில், டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் புரதம் இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளில் கிரோஸ், கேரன், வைட்மன் முதலியோர் இம்முறையால் அளந்தனர். வெளியிடப்பட்ட டோபமைன் இயல்பான எலிகளில் நிற்பதைப்போல் நூறு மடங்கு நேரம் நின்றது. கொக்கேய்ன் என்னும் போதைப்பொருள் தாக்குவது இதே புரதத்தைத்தான். போதைப்பொருள் மூளையில் செய்வது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவை முன்பு கிடைத்ததில்லை. 2003ஆம் ஆண்டில் ஃபிலிப்ஸ் முதலியோர் மேலும் ஒரு படி சென்றனர். கொக்கேய்ன் பெறுவதற்காக நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிகளின் மூளையில், மருந்து உடலில் ஏறிய பின்னர் மட்டுமன்றி, நெம்புகோலை நெருங்கும் சில விநாடிகளிலேயே டோபமைன் உயர்ந்தது. வெளியிலிருந்து டோபமைன் வெளியீட்டைத் தூண்டியபோது எலிகள் நெம்புகோலைத் தேடிச் சென்றன. பத்து நிமிட மாதிரியில் இது ஒருபோதும் தெரிந்திருக்காது. பழக்கத்தை விட்டவர் பழைய இடத்தைக் கண்டதும் மீண்டும் தடுமாறுவது மனவலிமைக் குறைவால் மட்டுமன்று என்று மறுவாழ்வு இல்லங்களை நடத்துவோருக்குச் சொல்ல, இதனால் ஓர் ஆதாரம் கிடைத்தது.

பொருளாதாரத் துறையினர் இங்கு நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நரம்பணுக்களில் மின் துடிப்புகளைப் பதிவு செய்து, டோபமைன் அணுக்கள் பரிசுக்காக மட்டும் துடிப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கேற்பவே துடிக்கின்றன என்று காட்டினார். எதிர்பார்த்த பரிசு வந்தால் மாற்றம் இல்லை. எதிர்பாராமல் வந்தால் ஏற்றம். வரவேண்டியது வராவிட்டால் இறக்கம். அணு துடித்ததால் டோபமைன் உண்மையிலேயே வெளிப்பட்டதா என்ற ஐயத்தை, 2007ஆம் ஆண்டில் டே, ரோய்ட்மன், வைட்மன், கரெலி ஆகியோர் எலிகளில் கார்பன் இழை கொண்டு தீர்த்தனர். பயிற்சி முன்னேற முன்னேற, டோபமைன் உயர்வு உணவு கிடைக்கும் கணத்திலிருந்து உணவை அறிவிக்கும் குறிப்பின் கணத்துக்கு நகர்ந்தது.

மனிதரிடமும் இது சோதிக்கப்பட்டுள்ளது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஆழ்மூளைத் தூண்டல் என்ற அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மூளைக்குள் மின்தூண்டற் கம்பி பொருத்தும்போது நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். கம்பி செல்லும் வழியும் ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கும். அவ்வழியே, நோயாளியின் சம்மதத்துடன், நீளமாகச் செய்யப்பட்ட கார்பன் இழை மின்வாயைச் சிறிது நேரம் வைத்து அளக்க முடியும். கிஷிடா, மாண்டேகு முதலியோர் 2011ஆம் ஆண்டில் ஒரு நோயாளியிடமும், 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 17 நோயாளிகளிடமும் இதனைச் செய்தனர். நோயாளிகள் அப்போது ஒரு முதலீட்டு விளையாட்டை ஆடினர். கையிலுள்ள பணத்தில் எத்தனை பங்கைச் சந்தையில் இடுவது என்று ஒவ்வொரு முறையும் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பெருந்தொகை இட்டபோது எதிர்பார்த்ததற்கு மேல் இலாபம் வந்தால் டோபமைன் உயர்ந்தது. சிறுதொகை இட்டபோது அதே அளவு இலாபம் வந்தால் டோபமைன் தாழ்ந்தது. கிடைத்த இலாபத்தோடு, கிடைத்திருக்கக் கூடிய இலாபத்தையும் மூளை கணக்கில் கொள்வதாக ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தந்தனர். வாய்ப்புச் செலவு என்று பாடநூல்களில் படிக்கும் கருத்துக்கு ஒப்பான ஒன்று ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் ஓர் இழையின் நுனியில் மின்னோட்டமாகத் தெரிவதாக இதனைக் கொள்ளலாம்.

எனினும் இவ்விளக்கத்தை அளவுக்கு மீறி இழுக்கலாகாது. சோதிக்கப்பட்டவர்கள் டோபமைன் அணுக்களை இழந்து வரும் நோயாளிகள். மின்னோட்டத்தைச் செறிவாக மாற்றும் கணக்கு, கண்ணாடிக் குவளையில் செய்த அளவீடுகளின் அடிப்படையில் அமைந்தது. குவளைக்குப் பொருந்தும் கணக்கு மூளைக்கும் அப்படியே பொருந்துமா என்பதில் இத்துறை வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முறைக்கு உள்ள வேறு குறைகளும் தெரிந்தவையே. டோபமைனின் கைரேகையும் நார்அட்ரினலினின் கைரேகையும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். மூளையின் எப்பகுதியில் மின்வாய் இருக்கிறது என்பதையும், மருந்து கொடுத்தால் குறி எப்படி மாறுகிறது என்பதையும் கொண்டே பிரித்தறிய வேண்டும். அசிட்டைல்கோலின், குளுட்டமேட், காபா போன்ற முக்கியமான கடத்திகள் இவ்வாறு ஆக்சிஜனேற்றம் அடைவதே இல்லை. அவற்றுக்கு மின்வாயின்மேல் தக்க நொதிகளைப் பூசி, நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கும் சுற்றுவழியை நாட வேண்டியிருக்கிறது. செரட்டோனின் உண்டாக்கும் விளைபொருள்கள் இழையின்மேல் படிந்து அதனை மழுக்கி விடுகின்றன. இழையும் முறியக் கூடியது. மனிதருக்குப் பல ஆண்டுகள் பயன்படத்தக்க மின்வாய்க்காக, அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தினர் போரான் கலந்த வைரப் பூச்சுடைய மின்வாய்களை ஆராய்ந்து வருகின்றனர். மூளையின் இரசாயன நிலையை அளந்து, அதற்கேற்பத் தூண்டல் தானே கூடிக் குறையும் கருவி ஒன்றைச் செய்வது அவர்களுடைய நோக்கம். லெவோடோபா மாத்திரை சில மணி நேரத்துக்கு மட்டத்தை உயர்த்துகிறது. நரம்போ கணந்தோறும் ஏற்றி இறக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தால் கட்டுப்பாடற்ற அசைவுகள் தோன்றி நோயாளிகளை வருத்துவதற்கு இந்த முரண்பாடும் ஒரு காரணம்.

குவளைக்கும் மூளைக்கும் இடையே

இந்தியாவில் மின்வேதியியல் புதிய துறையன்று. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கு நிலமும் பணமும் வழங்கினார். மூளை, நரம்பு நோய்களுக்குப் பெங்களூருவின் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற தேசிய நிறுவனங்கள் உள்ளன. இவற்றில் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையும் செய்யப்படுகிறது. அச்சிகிச்சைக்குப் பல இலட்சம் ரூபாய் ஆகிறது. பொருத்திய பின்னரும், தூண்டலின் அளவைச் சரிசெய்ய நோயாளி பலமுறை ஊரிலிருந்து வந்து போக வேண்டியிருக்கிறது. அளந்து தானே சரிசெய்து கொள்ளும் கருவி வந்தால் மிகுதியும் பயனடைபவர் தொலைவில் வாழும் இத்தகைய நோயாளிகளே.

நம் நாட்டுப் பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் டோபமைனை அறியும் மின்வாய்கள் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் ஒரு புதிய பூச்சு, ஒரு புதிய நுண்துகள், முன்னதைவிடச் சற்றுக் குறைந்த கண்டறி எல்லை என்று முடிகிறது. இவற்றுள் பெரும்பாலானவை குவளையில் உள்ள தெளிந்த கரைசலில் செய்யப்பட்டவை. மூளைக்குச் சென்றவை மிகச் சில. இதனை ஆராய்ச்சியாளரின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மூளைக்குள் செல்ல வேண்டுமானால் வேதியியலாருக்கு உடலியல் அறிந்த துணை வேண்டும். நானோ ஆம்பியரைக் கூச்சலின்றிப் பெருக்கித் தரும் மின்னணுவியலார் வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் விதிகளுக்கு இணங்க நடத்தப்படும் விலங்குக் கூடமும், அதற்கான ஒப்புதலும் வேண்டும். ஒரே துறையின் சுவருக்குள் இவை கிடைப்பதில்லை. மூன்று துறைகள் கூடி எழுதும் விண்ணப்பமோ மூன்று மேசைகளில் தங்கி வருகிறது.

உதவித்தொகை வழங்கும் முறையும் இதற்கு ஓரளவு காரணம் எனலாம். விலையுயர்ந்த கருவியை வாங்குவது எளிது. அது ஒரே தொகையாக ஒரே ஆண்டில் கணக்கில் முடிந்து விடுகிறது. கார்பன் இழை மின்வாய்க்கு வேண்டியதோ மலிவான இழை, ஒரு கண்ணாடி இழுப்பான், ஒரு நல்ல பெருக்கி, அவற்றோடு ஒரு நாளில் பத்து மின்வாய் செய்து அவற்றுள் எட்டையாவது தேற வைக்கக்கூடிய, சில ஆண்டுகள் பழகிய ஒரு தொழில்நுட்பப் பணியாளர். ஆராய்ச்சித் திட்டம் மூன்றாண்டில் முடிந்தால் கருவி ஆய்வுக்கூடத்தில் தங்கி விடும். பணியாளர் வேறு வேலை தேடிப் போய் விடுவார். அடுத்த திட்டத்தில் வரும் மாணவர் இழையைக் குழலுக்குள் இழுக்க மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்குவார். விண்ணப்பங்களை ஆராயும் அதிகாரிகள் கருவித் தலைப்பின் கீழ்க் கேட்கப்படும் தொகையோடு, அதை இயக்கும் கைகள் திட்டம் முடிந்தபின் எங்கே இருக்கும் என்ற வினாவையும் எழுப்புவது நல்லது.